பொறுப்பாளர் பெயர்

சத்வா, துபாய்,
17 மே 2006

அன்புள்ள ஜோதிமணி அக்காவுக்கு,

போன வெள்ளிக்கிழமை நம் வட்டம் கூடியபோது நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். மாரியம்மாள் நிரப்பிய படிவம் என் கை வழியாகத்தான் போனது. அதில் இருந்த தவறைப் பார்த்தேன். திருத்தாமலே அனுப்பிவிட்டேன்.

நீங்கள் ஊருக்குப் போன பிறகு, நம் பதினொரு பெண்களின் வட்டத்தை ஏதாவது பெரிய சங்கத்தோடு இணைத்துவிட வேண்டும் என்று சந்தியா அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். துபாய் சங்கத்துக்குச் சொந்த ஹால், வக்கீல், ஆஸ்பத்திரி உதவி எல்லாம் உண்டு. அஜ்மான் சங்கத்தில் அதெல்லாம் இல்லை, ஆனால் சேருவதற்குப் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். அஜ்மானில் சேர்ந்தால் டிராஃபிக்கிலேயே ஆண்டு விழா முடிந்துவிடும் என்று ஹபீபுன்னிசா மாமி சொன்னதும் ஒரே சிரிப்பு. வக்கீல் என்றதும் மாரியம்மாளை நினைத்து நானும் துபாய்க்கே கை தூக்கினேன்.

ஆங்கிலப் படிவத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான். விசா கொடுத்த ஸ்பான்சர் யார் என்று கேட்ட இடத்தில், நல்ல தமிழாக இருக்கட்டுமே என்று 'பொறுப்பாளர் பெயர்' என்று போட்டேன். மாரியம்மாள் அங்கே உங்கள் பெயரை எழுதியிருந்தாள்.

வேலை செய்த வீட்டிலிருந்து பாஸ்போர்ட் இல்லாமல் வெளியே வந்தவளை உங்களோடு வைத்துக்கொண்டது நீங்கள்தானே. அவளுக்கு விசா இல்லை என்பது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லார் முன்னாலும் திருத்தினால் அது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். ஸ்பான்சருக்கு இங்கே எல்லாரும் சொல்கிற அரபிச் சொல்லான 'கபீல்' என்றே நான் எழுதியிருந்தால் அவளே புரிந்துகொண்டு பேனாவைக் கீழே வைத்திருப்பாள்.

நேற்று அந்தப் படிவம் மட்டும் திரும்பி வந்தது. உங்கள் பெயரைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். விசா காப்பி இல்லாமல் உறுப்பினர் கார்டு கிடையாதாம். தமிழ் நன்றாகத் தெரிந்தவள் நீதானே, நீயே அவளிடம் சொல் என்கிறார் சந்தியா அக்கா.

போனில் இதை உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கலீலுர் ரஹ்மான் காக்கா ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அவளிடம் போனில் பேசிவிடுங்கள் அக்கா. உங்கள் குரலில் கேட்டால் தாங்கிக்கொள்வாள். நீங்கள் உடல்நலத்தோடு இருக்க துஆ செய்கிறேன்.

உங்கள்,
பாஹிமா

பின்குறிப்பு: காக்காவின் பயணம் பத்து நாள் தள்ளிப்போனது. இதை எழுதிய வாரம் வெள்ளிக்கிழமை மற்றவர்கள் கார்டோடு சங்க ஹாலுக்குப் போனார்கள். மாரியம்மாள் வழக்கம்போல் என் அறைக்கு வந்தாள். படிவம் திரும்பி வந்ததை நானே சொன்னேன். கபீல் பெயரா கேட்டிருந்தாங்க, அதை அப்படியே எழுதியிருக்கலாமே புள்ள என்று சிரித்தாள். டீ குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வெள்ளி அவள் வரவில்லை.