கண் மூடிய வெள்ளைக் கோட்டுக்காரி

வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சுகம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு, இதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது இது நாலாவது முறை. முதல் முறை எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன், இரண்டாவது முறை போய் அதே ஜன்னலைத் திறந்தேன், மூன்றாவது முறை எதற்கு எழுந்தேன் என்றே தெரியாமல் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். காலையில் அப்பா, எழுது இல்லேன்னா போன்ல சொல்லித் தொலை, என்னையும் சேர்த்துச் சுத்த வைக்காதே என்று சொல்லிவிட்டு லிஃப்ட் ரிப்பேர் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். போனில் சொல்ல எனக்கு வாய் வராது. மாடி வீட்டு நர்ஸ் நாளைக் காலை பத்து மணிக்கு உன் ஊருக்குக் கிளம்புகிறாள். அதற்குள் நீ கேட்ட பொம்மையையும் இந்தக் கடிதத்தையும் அவள் கையில் கொடுத்தாக வேண்டும்.

சுற்றி வளைக்காமல் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், கட்டிலுக்கு அடியில இருக்கிற என் விளையாட்டுப் பொம்மைப் பெட்டியை யாருக்காவது குடுத்துடும்மா, அந்தக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிற வெள்ளைக் கோட்டு டாக்டரை மட்டும் நர்ஸ் அக்காகிட்ட குடுத்து அனுப்பு, என் ஆபீஸ் மேசைல வெச்சுக்கணும் என்றாய் அல்லவா. நான் சரிடி சரிடி என்று சொல்லி, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ கேட்ட அந்தப் பொம்மையின் பெயிண்டை, நீ கேட்பதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே, நான் என் கையால் ஒரு துளி விடாமல் தேய்த்து எடுத்திருந்தேன்.

எப்படி என்று கேட்பாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. முப்பத்தொரு வருஷம் பல் லேபில் குனிந்து உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் பொய்ப்பல் செய்த கை, சும்மா இரு என்றால் இருக்குமா. அலமாரிகளை எல்லாம் துடைத்து முடித்து, துடைத்ததையே மறுபடி துடைத்து, கடைசியில் உன் கட்டிலுக்கு அடியில் நுழைந்தேன். பெட்டியைத் திறந்தால் இரண்டு விரல்கடை உயரத்தில் ஒரு படையே நிற்கிறது, நாற்பது பேர். நீ பெயிண்ட் அடித்தது இருபத்திரண்டு, மீதிப் பதினெட்டும் வாங்கினபடியே சாம்பல் நிறப் பிளாஸ்டிக். பாதி செட் கட்டின வாய் மாதிரி இருந்தது. அப்படி விட்டுவிட்டு என்னால் பெட்டியை மூட முடியுமா, நீயே சொல். பழைய பஸ் டிப்போவுக்கு எதிரில் நீ போய்க்கொண்டிருந்த அந்தப் போர்ப் பொம்மை விளையாட்டுக் கடை இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் பெயிண்ட் அடிக்கச் சொல்லித் தருகிறார்கள். கடைக்காரரை எல்லோரும் தளபதி என்கிறார்கள். தொப்பையைப் பார்த்தால் இருந்த இடத்திலேயே போரிடுகிற தளபதி போலிருக்கிறது. வகுப்பில் ஏழு பேர், எல்லோரும் என் வயதில் பாதி. பொம்மையை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவு, வெள்ளையோ கறுப்போ அடிப்பூச்சு கொடு, பெயிண்டில் தண்ணீர் விட்டு நீர்க்கக் கலக்கு, ஒரே தடவை அப்பாதே, மெல்லிசாக இரண்டு தடவை பூசு, இதுதான் முதல் பாடம். நான் பழக்க தோஷத்தில் பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கினேன், வகுப்பே ஐயையோ என்று கத்தியது.

ஆனால் உன் அம்மாவைச் சாதாரணமாக நினைக்காதே. ஒரு ராட்சசனைக் கொடுத்து, பல்லுக்கு வெள்ளை வைங்க மேடம் என்றார் தளபதி. உலகத்தில் யாருக்கு ஐயா வெள்ளைப் பல் இருக்கிறது, அதுவும் பச்சைக் கறி தின்கிறவனுக்கு என்று கேட்டுவிட்டு, ஈறுப் பக்கம் மஞ்சள், இடுக்கில் பழுப்பு, கீழ்வரிசையில் ஒரு சொத்தை, பக்கத்தில் அடைத்த பல் ஒன்று என்று என் இஷ்டத்துக்கு வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தார். இவன் வாயைப் பாத்தா எனக்கே பல்லு கூசுது மேடம் என்றார். அன்றிலிருந்து அங்கே என் பெயர் பல்லம்மா. கை உடைந்த உன் வில்லாளிக்கு லேப் துரப்பணத்தால் துளை போட்டு, கம்பி சொருகி, பல் செட் செய்கிற பிசினால் புதுக் கை கட்டினேன். ஒருவன் தலையை எடுத்து இன்னொருவன் கழுத்தில் வைத்தேன். அவனுக்கு அது பழையதைவிடப் பொருத்தமாக இருக்கிறது. அப்பா தினமும் வந்து, என் தலையையும் மாத்திடுவியா என்று கேட்டுவிட்டுப் போகிறார். எட்டு மாதத்தில் அந்தச் சனிக்கிழமைகளில்தான் நான் நேரத்தைப் பார்க்கவில்லை.

இதோ வந்துவிட்டேன், அழைப்பு மணி அடித்தது என்று போனேன், யாரும் இல்லை. ஆறாவது வாரம், பழைய பெயிண்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக அடிப்பது எப்படி என்று பாடம். வேண்டாத பொம்மையா ஒண்ணை எடுத்துப் பழகிப் பாருங்க என்று சொல்லி, ஒரு திரவத்தைச் சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து படையை வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். ஒருத்திக்கு உடம்பெல்லாம் வெறும் வெள்ளை, ஓரங்களில் திட்டுத்திட்டாக. முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழுப்புக் கோடுகள் மட்டும். சரி, வாலு வெள்ளை அடிப்பூச்சு கொடுத்துவிட்டு, கண்ணை ஆரம்பித்து, பொறுமை போய் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அடிப்பூச்சு என்ற வார்த்தையையே ஒரு மாதம் முன்புதான் கற்றுக்கொண்டவள் நான், பார்க்கிற வெள்ளையெல்லாம் எனக்கு அடிப்பூச்சாகத் தெரிந்தது. ஜாம் புட்டியில் போட்டு மூடினேன். மறுநாள் காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன், உரித்த மாதிரி வந்துவிட்டது. சுத்தமாக எடுத்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. அதைக்கூட எழுதிவிடுகிறேன்.

நீ போனில் வெள்ளைக் கோட்டு என்று சொன்னதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. போனை வைத்துவிட்டு அவளை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஊசியால் அம்மா என்று கீறியிருக்கிறாய். மற்றவர்களையும் கவிழ்த்தேன். சம்மட்டி வைத்திருப்பவன் அப்பா, கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பவள் சித்தி. ஒவ்வொரு பல் செட்டின் அடியிலும் நோயாளி எண்ணைப் பொறித்து, அனுப்பும் முன் இரண்டு முறை கவிழ்த்துப் பார்த்தவள் நான். சொந்தப் பெண்ணின் பெட்டியில் ஒன்றைக்கூடக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. அது அடிப்பூச்சு இல்லை, என் லேப் கோட்டு. அந்தக் கண்ணும் பாதியில் விட்டது இல்லை. உனக்குப் பதினொரு வயது இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு நான் வேலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உனக்கு எதிரே உட்காருவேன், நீ பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பாய், அசையாம இரும்மா என்பாய். ஏதோ விளையாடுகிறாய் என்று நினைத்தபடியே தூங்கிப்போவேன். நீ பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறாய். எனக்கு அதை நினைத்தால் தாங்கவில்லை. உன்மேல் கோபமில்லை, அந்த நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே நான் எங்கே இருந்தேன் என்று என்மேல்தான் கோபம்.

கேட்டால் சிரிப்பாய், உடனே ஏமாற்றத்தான் பார்த்தேன். அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். முப்பத்தொரு வருஷமா ஊர் வாயில எல்லாம் பொய்யை வெச்சு அனுப்பினே, ஒருத்தனும் கண்டுபிடிக்கல, பெத்த பொண்ணை ஏமாத்த முடியாதா என்றார். நியாயமாகத்தான் பட்டது. பழைய போட்டோ ஒன்றில் உன் முழங்கைக்குப் பக்கத்தில் அவள் மங்கலாகத் தெரிகிறாள், அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை உட்கார்ந்தேன். நிறம் அப்படியே பொருந்திவிட்டது, அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஓரமெல்லாம் நேராக வந்துவிட்டது, பதினொரு வயதுக் கையில் அப்படி வராது. கழற்றினேன். செவ்வாய்க்கிழமை இடது கையால் அடித்துப் பார்த்தேன், குடிகாரன் அடித்த மாதிரி இருந்தது, அதையும் கழற்றினேன். நேற்று வந்துவிட்டது. திட்டு, கசிவு, பழுப்புக் கோடு எல்லாம் அச்சாக. இதுதான் அசலா என்று அப்பாவே கேட்டார். பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்தேன். அப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். நீ அதை மேசையில் வைத்துக்கொண்டு, நான் செய்த பொய்யைப் பார்த்து என்னை நினைப்பாயா. சாப்பிடும்போது எழுந்துபோய் நாலாவது முறையாகப் புட்டியில் போட்டேன். இன்று காலை அப்பாவே பல் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்துக் கொடுத்தார்.

அதனால் அவளை வெறும் பிளாஸ்டிக்காகவே அனுப்புகிறேன். கூடவே வெள்ளை, பழுப்பு, தோல் நிறம் மூன்று சின்னப் புட்டிகளும் என் லேபின் மிக மெல்லிய பிரஷ் ஒன்றும் இருக்கின்றன, அதை நாக்கில் மட்டும் வைக்காதே. நீயே மறுபடி அடி. தலைக்குக் கறுப்பு வைக்கவில்லையே என்று தேடாதே, அந்தப் பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறம் இப்போது என் முடிக்குச் சரியாக இருக்கிறது, கண்ணாடியில் பக்கத்தில் பிடித்தே பார்த்தேன். உனக்குக் கோபம் வந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, அதைத்தான் நான் தாங்க மாட்டேன். பெட்டியை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. இன்னும் பதினொரு பேர் பாக்கி நிற்கிறார்கள், நீ அடித்தவற்றை இனி நான் தொட மாட்டேன். இந்தப் பொம்மைகளை மேசைமேல் நிறுத்திப் போரிடுகிற அந்த விளையாட்டில் டாக்டர் யாரையும் அடிக்க மாட்டாராமே, ஆறு அங்குலத்துக்குள் விழுந்தவர்களை எழுப்பிவிடுவது மட்டும்தான் அவர் வேலை என்று தளபதி சொன்னார். அப்படியானால் அவளை மேசையில் உன் கைக்குப் பக்கத்திலேயே வை.

நீ பத்து மணி நேரம் கம்ப்யூட்டரை விட்டு நிமிர்வதில்லை என்று உன் வாயாலேயே சொன்னாய், யாருடைய பெண் என்று எனக்குத் தெரியாதா. நடுவில் எழுந்து நட, தண்ணீர் குடி. இடது பக்கக் கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது, காட்டிவிட்டு எக்ஸ்ரேயை எனக்கு அனுப்பு, அங்கே இருக்கிறவர்கள் சொல்வதை அப்படியே நம்பாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, மனசு நிறைந்து நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார். பெயிண்ட் அடிக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதே. கோட்டில் திட்டு விழட்டும், ஓரம் கோணட்டும், பரவாயில்லை. கண்ணை மட்டும் இந்த முறை திறந்து வரை.

இப்படிக்கு,
விழித்துக்கொண்டிருக்கும்
அம்மா