ஆயிரம் யானை சாய்ந்த பங்களா

செவ்வாய், இரவு.

நான் காவல் பார்க்கும் எண்ணூர்க் கழிமுகத்து வேட்டை பங்களாவின் கூரை இந்த மழைக்குத் தாங்காது. அதைச் செப்பனிட ஒரு கூடை மீனை ஏலம் விட்டுப் பணம் தருவதாகக் காசிமேட்டுப் படகுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஏலத்துக்கு முன் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். என் வாய் இரண்டோடு நிற்குமா?

"ஆயிரம் யானை சாய்ந்தாலும் அசையாத கட்டடம்! கடலே வந்து மோதிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது!" என்று முழங்கினேன்.

"அவ்ளோ ஸ்ட்ராங்கா கீதுன்னா ரிப்பேரு இன்னாத்துக்கு மாமு?" என்றாள் மீன்கார மேரி.

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். மீன் விற்ற பணம் கூரைக்கு வராமல் மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டது.

நேராகப் பங்களாவுக்குப் போய்த் தூணில் சாய்ந்தேன். யானை எதுவும் இல்லை, நான் ஒருவன்தான். காரை பெயர்ந்து சட்டையில் கொட்டியது. இன்னும் தட்டிவிடவில்லை. வெளியே தூறல் விழுகிறது.