பளபள சீலிங்கைக் கழற்றிய கதை

சால்ட்பாண்ட், கானா,
வியாழக்கிழமை.

அன்பு மகள் அராபாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் அதற்குத் தோன்றுகிற நாளில்தான் சௌக்கியமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை குவேசியும் எப்படி இருக்கிறீர்கள், ஜோஜோ தவழ ஆரம்பித்துவிட்டானாமே, அந்த ஸ்வீடன் குளிரில் வெறும் தரையில் விடாதே. உன் கோபம் தீர்ந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை, எனக்கே உன் மேல் கோபம் இருந்தது. கூடத்துக்கும் பக்கத்து அறைக்கும் பிளாஸ்டிக் சீலிங் போட்டு, அண்ணாந்தால் முகம் தெரிகிற பளபளப்பில், ஆசை ஆசையாக உனக்கு வீடியோ அனுப்பினால், நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல், "அந்த சீலிங் இருக்கற வரைக்கும் ஜோஜோவ அதுக்குக் கீழ படுக்க வைக்க மாட்டேம்மா, கிறிஸ்துமஸுக்கு வந்தா ஹோட்டல்லதான் தங்குவோம்" என்று சொல்லிவிட்டாய். பேரன் முதல் முதலாக ஊருக்கு வருகிறான், பாட்டி வீடு இருக்க அவன் ஹோட்டலில் தூங்குவானாம். போனை வைத்ததும் அழுதேன், அப்பாவைக் கேள்.

நீ அன்றைக்கே பொறுமையாகத்தான் சொன்னாய், நீ வேலை பார்க்கிற சோதனைக்கூடத்தில் பலகைகளை எரித்துப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுவதுபோல மார்க் போடுவார்கள், தீ எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு ஒன்று, புகை எவ்வளவு வருகிறது என்பதற்கு ஒன்று, உருகிச் சொட்டுகிறதா என்பதற்கு ஒன்று, முதல் மார்க்கை மட்டும் பார்த்து ஏமாறாதே என்று. நான்தான் சிரித்தேன். "புகைக்கா என்னப் பயப்படச் சொல்ற? உன்னப் படிக்க வச்சதே புகைதாண்டி" என்றேன். பொய்யா அது, காலையிலிருந்து இருட்டும் வரை புகையடுப்பு முன்னால் மீன் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்குகிறவள் நான், என் தலைமுடி, கட்டுகிற துணி, சர்ச்சுக்குப் போடுகிற உடுப்பு எல்லாம் அந்த வாசம்தான். தீ பிடிக்கிறதா இல்லையா, அதை மட்டும் பார்த்தால் போதும் என்று தீர்மானித்துவிட்டேன்.

அதனால் உன் வாயை அடைப்பதற்கென்றே போன வாரம் செவ்வாய்க்கிழமை, யாரும் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, ஊரைக் கூப்பிட்டேன். எதிர்வீட்டு எஸியக்கா, அவள் நாத்தனார்கள், சீலிங் போட்ட தச்சர் எபோ, சர்ச் கோரஸ் ஆட்கள் பாதிப் பேர், எல்லாருக்கும் புளித்த சோளமாவில் அவித்த கென்கேயும் அரைத்த மிளகாயும் பொரித்த மீனும். அடுப்பில் திங்கட்கிழமை மத்தி இரண்டாம் புகைக்கு ஏறியிருந்தது, என்னுடையது பாதி, எஸியக்காவுடையது பாதி. மிச்சம் விழுந்த சீலிங் துண்டு ஒன்றை எபோ கொண்டுவந்தான், ஒரு கை அகலம்கூட இல்லை. நான் அதை அடுப்பு வாயில் நீட்டினேன். உன் மேல் சத்தியம், அது எரியவே இல்லை. தீயில் காட்டினால் கருகுகிறது, வெளியே எடுத்தால் அணைந்துவிடுகிறது. எபோ குதித்தான், "பாத்தீங்களாக்கா, எங்கிட்டயா! ஸ்வீடனுக்குப் போன் போடுங்க" என்கிறான். எல்லாரும் கைதட்டினார்கள், நான் ராணி மாதிரி நின்றேன். அந்தத் திமிரில் துண்டை முழுசாக அடுப்புக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

அப்புறம் வந்ததடி புகை. நான் பார்த்த புகை எதுவும் புகையே இல்லை. கரேல் என்று, தொண்டையில் மிளகாயை அடைத்ததுபோல. பாட ஆரம்பித்திருந்த கோரஸ்காரர்கள் கென்கேயைப் போட்டுவிட்டு ஓடினார்கள், எஸியக்கா வேலியைத் தாண்டியதை நீ பார்த்திருக்க வேண்டும், அவள் உடம்புக்கு! ஓடுகிற ஓட்டத்தில் முழங்காலை மறந்த ஒரே ஆள் உன் அப்பா. திரும்பி வந்து பார்த்தால் தட்டு முழுக்க மத்தி மசி பூசினதுபோல இருந்தது, ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. எஸியக்கா இருமலுக்கு நடுவிலேயே, "எம்மீனயும் சேத்துக் கெடுத்துட்டியேடி பாவி, உன் மக சொன்னத ஒருநாளாச்சும் காதுல வாங்கியிருக்கியா" என்று கத்தினாள். அவளுக்கு ஈடாக அடுத்த பிடி மீனில் நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டேன், இப்போது பேசுகிறாள்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முகம் கழுவ உள்ளே போனேன். ஜோஜோவுக்குப் போட்டிருந்த கட்டில்மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன். திறந்த முற்றத்தில், கடல் காற்றில், கையளவு துண்டுக்கு வளர்ந்த ஆட்கள் அத்தனை பேர் ஓடினோம். இங்கே சுவரிலிருந்து சுவர் வரை அதுதான், கீழே நடக்கத் தெரியாத குழந்தை. எழுந்து முதலில் ஜன்னலைத் திறந்தேன் அராபா. அன்றைக்கே எபோவைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது, பாவம், இருந்தாலும் கழற்றினான்.

இப்போது ஜிப்சம் பலகை போட்டாயிற்று. கடையில் உன் மூன்று மார்க்கையும் கேட்டேன், அந்தப் பையன் சலிக்காமல் பலகையைத் திருப்பிப் பின்பக்க முத்திரையைக் காட்டினான், போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், நீயும் ஒருதரம் பார்த்துச் சொல். துண்டு ஒன்றை எபோ எரித்தும் பார்த்தான், மீன் அடுப்பிலிருந்து வெகுதூரம் தள்ளி, மேல் காகிதம் கருகியதோடு சரி. பளபளப்பெல்லாம் இல்லை, சுண்ணாம்பு நிறம், பார்க்கச் சாதுவாக இருக்கிறது. பழைய சீலிங்கை எஸியக்கா தன் கூடத்துக்குக் கேட்டாள், மாட்டேன் என்றதற்கு எனக்குப் பொறாமையாம். அதை வைத்து வீட்டைவிட்டுத் தள்ளிக் குளியல் மறைப்பு கட்டிவிட்டேன், ஊரிலேயே முகம் தெரிகிற குளியலறை நம்முடையதுதான். உன் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் இதுவரை, சம்பளம் வாங்கிக்கொண்டு தீ வைக்கிறாள் என்பேன், எல்லாரும் சிரிப்பார்கள். இனி அப்படிச் சொல்ல மாட்டேன். யாரோ பெற்ற பிள்ளை நிம்மதியாகத் தூங்க நீ அங்கே இருமிக்கொண்டு நிற்கிறாய், வேலை நேரத்தில் முகமூடியை மறக்காதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் சிடுசிடுக்காதே. ஜோஜோவின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துத் தடவிவிடு, மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ முன்பணம் கட்டி வைத்திருக்கிற அந்தக் கடற்கரை ஹோட்டலுக்கு நேற்று நானும் அப்பாவும் நடந்து போனோம், மகள் தங்கப் போகிற அறையைக் காட்டுங்கள் என்று கேட்டு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். அதே பளபள சீலிங், போட்டதும் நம் எபோதானாம். அங்கே என்ன சீலிங் என்று நீ கேட்கவே இல்லை, இல்லையா? ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு வா.

உன் வரவுக்குக் கட்டில் விரித்துவிட்டுக் காத்திருக்கும்
அம்மா எஃபுவா