இடது முழங்கை

இன்று காலை ஜூ டவுன் சந்தில் சுக்கு மணம் மூக்கில் ஏறியது. கிடங்கைத் திறந்து மூட்டைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலில் தரைக்கல் ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கும், உனக்குத்தான் தெரியுமே. அங்கே வந்ததும் என் இடது முழங்கை தானாக மடங்கி நீளும், நீ பிடித்துக்கொள்ள. நீ போன பிறகும் தினமும் நீண்டுகொண்டுதான் இருந்தது. இன்று நீளவில்லை. கல்லைத் தாண்டிப் பழம்பொருள் கடை வரை போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

திரும்பிப் போய் மறுபடி நடந்தேன். இந்தமுறை கையை நானே மடக்கினேன். கடைக்காரச் சேட்டன் பார்த்துவிட்டு, "எந்தா சேச்சி, வல்லதும் களஞ்ஞு போயோ?" என்றார். ஏதாவது தொலைந்ததா என்று கேட்கிறார். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். நீ இருந்தால் சிரித்திருப்பாய். "நீயா மடக்கினா அது பெருமூளை போடற கள்ளக் கையெழுத்துடீ. சிறுமூளை ஒன்னண்ட கேக்காம செய்யும், கேட்டியோ" என்றிருப்பாய்.

ஆய்வகத்தில் எலியின் சிறுமூளைச் சீவல் மேல் கண்ணாடி ஊசியை இறக்கும்போது நாங்களெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்வோம். நீ மட்டும் ஊசியோடு இணைத்த உறிஞ்சு குழாயைப் பல்லில் கவ்விக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பாய். உடம்பு ஓர் அசைவில் தவறினால் ஏறு நார் என்கிற நரம்பிழை வழியாகச் செய்தி வரும். உடனே சிறுமூளையின் புர்கின்யே செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகும். அந்த நேரம் வேலை செய்துகொண்டிருந்த இணைப்புகள் தளர்ந்துபோகும். சிறுமூளையின் படிப்பில் பாதி இந்தத் தளர்த்தல்தான். "இது நம்ம அம்மாக்கள் மாதிரி இல்லைடீ. திட்டாது, திருத்தும்" என்பாய்.

உன் ஊசி செல்லைத் தவறவிடத் தொடங்கியபோது நாம் மேசையைத்தான் சந்தேகப்பட்டோம். அதிர்வு வருகிறது என்று திருகுகளை இறுக்கினோம், கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தோம், கீழ்த்தளத்து ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டோம். நாள் முழுக்கச் சிறுமூளையையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும், ஆடுவது உன் கை என்று தோன்றவில்லை. ஒருநாள் படகுத்துறைப் படியில் நீ கால் இடறி என் கையைப் பிடித்தாய். "சாரமில்லைடீ, பரவாயில்லை. மேசையண்ட கோளாறு இல்லை போல" என்றாய். நான் சிரிக்கவில்லை. உன் சிறுமூளைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாசலில் பரம்பரைக் கோளாறு என்று பிறகு சொன்னார்கள். உன் அப்பாவின் தள்ளாட்டத்தைக் குடி என்று ஊர் பேசியதை அன்றைக்குத்தான் நீ என்னிடம் சொன்னாய். அதன்பின் நிமோனியா வந்து உன்னைக் கொண்டுபோகும் வரை என் இடது பக்கம்தான் உன் நடை.

எனக்கு என்ன தொல்லை என்றால், நடப்பது என்னவென்று தெரிந்துவிடுகிறது. கை நீளும், பிடிக்க ஆளிருக்காது. அது ஒரு பிழை. பிழை என்றால் ஏறு நார், கால்சியம், தளர்வு. அந்தச் சந்தில் நடக்க நடக்க உன்னை நானே அழிக்கிறேன். அதற்காகவே கொஞ்ச காலம் சந்தையும் படகையும் விட்டு, பஸ் ஏறித் தோப்பும்படி சுற்றி எறணாகுளத்து ஆய்வகத்துக்குப் போனேன். பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. சுக்கு மணம் வேண்டியிருந்தது, திரும்பி வந்தேன். ஒட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அந்த ஆத்திரத்தோடுதான் இன்று படகில் ஏறினேன். உட்காரப் பிடிக்கவில்லை, நின்றேன். துறையிலிருந்து படகு திரும்பும்போது பெரிதாக ஒரு ஆட்டம். பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற பெண் சாய்ந்தாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்க நேரமும் இல்லை. முழங்கை மடங்கி வெளியே போயிருந்தது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், நீ பிடிக்கிற அதே இடத்தில்.

இன்றைக்கு அது பிழை இல்லை. ஏறு நாருக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

எறணாகுளத்தில் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் ஆய்வகம் வரை கையைத் தொங்கவிடவில்லை, பத்திரமாக மடக்கியே வைத்துக்கொண்டு நடந்தேன். மீன் வாசம் அடித்தது.