கிணற்று மேட்டில் இரண்டு குச்சி

ஜூலை 8, செவ்வாய்

மழை வருவதுபோல் இருட்டியது. வரவில்லை. இயற்பியல் தேர்வில் 91. வேதியியல் தாள் இன்னும் தரவில்லை. அப்பாவிடம் காட்டினேன். "செரி சாமி" என்றார், தலை நிமிராமல். கையில் போன். கோவையிலிருந்து அக்கா. ஸ்பீக்கரில்.

அக்காவின் ஆராய்ச்சி, குச்சிக்கிழங்குக்கு, அதாவது தண்டுக் குச்சியை நட்டு வளர்க்கும் மரவள்ளிக்கு, தேமல் நோய் வராமல் செய்வது. இலை மஞ்சள் பூத்துச் சுருண்டு, கிழங்கு விரல் தடிமனோடு நின்றுபோகும் நோய். எங்கள் காட்டில் வருடா வருடம்.

"வெளி ஜீன் எதையும் உள்ள உடலீங்கப்பா. அதுலயே இருந்த ஒண்ணைத்தான் மாத்தியிருக்கறோம். அதனால உயிரிப் பாதுகாப்பு விதியில இருந்து விலக்குக் கேட்டிருக்கறோம். அடுத்த வாரம் குழுவுல இருந்து பாக்க வாராங்க. விலக்கு வர்ற வரைக்கும் ஒரு குச்சிகூட வலைக்குடில உட்டு வெளிய போயிருக்கக் கூடாது. போகலைன்னு நான் கையெழுத்துப் போடோணும்."

"ம்" என்றார் அப்பா. அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

அம்மா தூங்கியபின் எழுதுகிறேன்.

ஜூலை 9, புதன்

வெயில். வரலாறு நோட்டு வாங்க வேண்டும். பேனா மை.

நடந்தது இதுதான். பொங்கல் கழிந்து அப்பா கோவை போய் அக்காவின் வலைக்குடிலைப் பார்த்துவிட்டு வந்தார். துண்டுக்குள் இரண்டு குச்சி. எரிக்க ஒதுக்கியதில் எடுத்தாராம். எங்கள் பக்கம் யார் காட்டில் நல்ல குச்சி இருந்தாலும் கேட்பார்கள், கொடுப்பார்கள். விலை கிடையாது. இல்லை என்பதும் கிடையாது. "பெத்த புள்ள காட்டுல எடுக்கறதுக்கு யாரக் கேக்கோணும்?" என்றார். கிணற்று மேட்டில் நட்டார். கூட இருந்தது நான்தான்.

"அக்காகிட்ட சொல்லீராத சாமி. நல்லா வந்துச்சுன்னா நாமளே காட்டி அசத்தீரலாம்."

நாமளே. அந்த வார்த்தைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். மற்றதெல்லாம் அவளுடையது. சைக்கிள் அவள் ஓட்டியது, பாவாடை அவள் கட்டியது. டீச்சர்கூட "கோகிலா தங்கச்சியா நீ?" என்றுதான் ஆரம்பிப்பார். அக்காவுக்குத் தெரியாமல் அப்பாவும் நானும் வைத்திருப்பது அந்த இரண்டு செடிதான்.

ஜூலை 11, வெள்ளி

காற்று. கண்ணில் மண்.

பள்ளி விட்டு வந்தால் கிணற்று மேட்டில் அப்பாவோடு பக்கத்துக் காட்டு செங்கோடன் மாமா.

"ஏனுங் மச்சா, சுத்தியும் மஞ்சக் குளிச்சிருக்குது, இது ரெண்டு மட்டும் கருகருன்னு நிக்குது. எனக்குத் தெரியாம என்ன மருந்துங்க அடிக்கறீங்க?"

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்லீங் மாப்ள."

"அப்பக் குச்சிதான் ராசி. வெட்டறப்ப எனக்கு நாலு குடுங்க. ஓமலூர்ல சம்பந்தி ஊட்டுலயும் கேப்பாங்க."

"அதுக்கென்னங்க, எடுத்துக்கங்க."

அப்பாவுக்கு மறுக்க வராது. ஓமலூர் வரை போகும். அப்புறம் எங்கெங்கோ. அக்கா ஒன்றும் தெரியாமல் கையெழுத்துப் போடுவாள். ஒருநாள் பிடிபடுவாள்.

அவள் பிடிபடுவதை நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. இந்த வரியை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

தூறல். துணி எடுக்க மாடிக்குப் போனேன், அம்மாவின் போனோடு. அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

அக்கா முதலில் கேட்டது:

"தேமல் இருக்குதா?"

"இல்ல."

"அடி இலையில?"

"இல்லக்கா. சுத்தியும் இருக்கற செடியில எல்லாம் இருக்குது. இதுல இல்ல."

அழுதாள். சிரிப்பது மாதிரியும் இருந்தது. இத்தனை நாள் மறைத்ததற்குத் திட்டுவாள் என்று பயந்திருந்தேன். அவளுக்கு என் நினைப்பே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நாளைக்கு வாரேன். அதுவரைக்கும் யாரையும் தொட உடாத. எங்க ஆராய்ச்சி சார்கிட்ட இன்னைக்கே சொல்லீர்றேன்."

"புடுங்கி எரிச்சுட்டா யாருக்குக்கா தெரியும்?"

"தெரிஞ்சுட்டு நான் எப்படிடி கையெழுத்துப் போடறது?"

"விலக்கு?"

"இப்பக் கிடைக்காது. என்னைய வச்சிருப்பாங்களான்னே தெரியல."

துணி நனைந்துவிட்டது. அம்மாவிடம் திட்டு.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். அக்கா முதல் பஸ்ஸில் வந்தாள். இளைத்திருக்கிறாள். சாப்பிடவில்லை.

அப்பாவே மண்வெட்டி எடுத்தார். கிழங்கு நீளநீளமாக வந்தது. எங்கள் காட்டில் அப்படி நான் பார்த்ததில்லை. அப்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அக்கா வாங்கிப் பைக்குள் போட்டாள். குழி மண்ணைச் சலித்து, அறுந்த வேரைக்கூடப் பொறுக்கினாள். செங்கோடன் மாமா வரப்பில் நின்று, "நல்ல செடியைப் போயி இப்படிப் பண்றாளே உங்க பெரிய புள்ள" என்றார்.

அப்பா மெதுவாகக் கேட்டார். "உனக்கு இத ஆரு சொன்னது?"

நான் குனிந்து வேர் பொறுக்கத் தொடங்கினேன்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "போன மாசம் இங்க நின்னு போட்டோ எடுத்து அனுப்புனீங்கல்லப்பா. பின்னால இலை தெரிஞ்சுது."

அந்தப் போட்டோவை எடுத்தது நான். அப்பாவின் முகம் மட்டும்தான் விழும்படி கிட்டத்தில் வைத்து எடுத்தேன். இலை எதுவும் கிடையாது.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட அப்பா போனார். நான் குழியை மூடினேன். திரும்பி வந்தவர் கைகூடக் கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒரு போட்டோவப் பாத்தே கண்டுபுடிச்சுட்டா பாரு சாமி. அவ கண்ணு ஆருக்கு வரும்?"

ஆமாங்கப்பா என்றேன்.