சதுக்கம் சதுரமா இருக்கணுமாம்

22 ஆகஸ்ட் 1998, சனி. வெஸ்ட் வின்ட்சர்.

மதியம் சாப்பிட வந்தவர்களுக்கு இவர் எங்கள் ரோம் பயண ஸ்லைடுகளைப் போட்டுக் காட்டினார். நவோனா சதுக்கம் வந்தது.

“சதுக்கம்னா சதுரமா இருக்கணும். இவ்ளோ நீளமா கட்டியிருக்கான், பிளானிங்கே இல்ல,” என்றார்.

ஐந்து வருடம் ஆர்க்கிடெக்சர் படித்தவள் நான். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. “அது பழைய ஓட்டப்பந்தய மைதானம். உக்காந்து பாக்கற படிக்கட்டு மேலதான் வீடெல்லாம் கட்டினாங்க. பரோக் காலத்துல, அதாவது பதினேழாம் நூத்தாண்டுல, நீரூற்று, சர்ச்சு எல்லாம் வந்தும் அந்த வடிவம் மாறல.”

“மேடம் இப்ப கிச்சனுக்குத்தான் பிளான் போடறாங்க,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவருடைய விசாவில் இந்த நாட்டுக்கு வந்தவளுக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

இப்போது தனியாக ஸ்லைடுகளைப் பார்க்கிறேன். உள்வாங்கி வளைந்த அந்த சர்ச் முகப்புக்காகத்தான் நான் ரோமுக்கே போனேன். எடுத்த ஒவ்வொரு படத்திலும் அதை மறைத்துக்கொண்டு இவர் நிற்கிறார்.