வாய் ஓயாத லைப்ரரி

மார்ச் 3, செவ்வாய்

நான் எழுதிய லைப்ரரியை — மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் மாட்டிக்கொள்ளும் துணை நிரலை — முதன்முறையாக வேறொரு அணி எடுத்துக்கொண்டிருக்கிறது. பேருந்து முன்பதிவு அணி. பயணி 'நாளை மறுநாள்' என்று தட்டினால் அதைத் தேதியாக்கித் தரும் சின்ன நிரல். செய்வதையெல்லாம் லாக்கில், அதாவது மென்பொருளின் நடப்புப் பதிவேட்டில், எழுதியும் வைக்கும். "படித்தேன்." "யோசிக்கிறேன்." "கண்டுபிடித்துவிட்டேன்." தனியே சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்

அந்த அணியின் தலைவர் — எல்லோருக்கும் அவர் தாடி — என் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, உன் லைப்ரரி மூச்சே விடாதா? லாக்கைத் திறந்தா அது பேசுறதுதான் தெரியுது. எங்க நிரல் என்ன சொல்லுதுன்னு தேட வேண்டியிருக்கு."

"அடக்கிடுறேன் சார்."

"அடக்கு. இல்லன்னா கழட்டிடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கழற்றுவார்.

மார்ச் 6, வெள்ளி

ஒரே வரி சேர்த்தேன். பிழை நேர்ந்தால் மட்டும் எழுது, மற்றபடி மௌனம். இவ்வளவுதானா?

மார்ச் 9, திங்கள்

இவ்வளவு இல்லை.

காலையில் முன்பதிவு பாதியில் நின்றது. லாக்கில் பிழை என்று ஒரு வரி. அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒன்றுமே இல்லை. வெள்ளியன்று சேர்த்த மௌன வரியை என் லைப்ரரிக்கு மட்டும் நான் எழுதவில்லை. மொத்த மென்பொருளுக்கும் பொதுவான அமைப்பில் எழுதியிருக்கிறேன். எல்லோரும் கப்சிப்.

"விருந்தாளியா வந்துட்டு வீட்டு மெயின் சுவிட்சையே அணைச்சிட்டியேம்மா."

தாடி சிரிக்கவில்லை. கழற்றிவிட்டார்.

பேசினாலும் குத்தம், பேசலைன்னாலும் குத்தம். என்னதான் பண்ணச் சொல்றாங்க?

மார்ச் 10, செவ்வாய்

அக்காவிடம் புலம்பினேன். அவள் பல் மருத்துவர்.

"அடுத்தவங்கள வாயைத் திற, மூடுன்னு சொல்றது என் தொழில். உனக்கு எதுக்குடி?"

"நக்கலா?"

"இல்லடி, நெசமாதான் கேக்குறேன்."

குளிக்கும்போது உறைத்தது. எவ்வளவு சத்தம் வேண்டும், எங்கே எழுத வேண்டும் — அவர்கள் மென்பொருளில் அதை முடிவு செய்ய நான் யார்?

மார்ச் 11, புதன்

அமைப்பு வரிகள் அத்தனையையும் அழித்தேன். இனி என் லைப்ரரி தன் பெயர் சொல்லிப் பேசும். கேட்பதும் விடுவதும் அவர்கள் பாடு. யாரும் கேட்கவில்லையென்றால் சும்மா இருக்கும். தாடிக்கு அனுப்பிவைத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

பதில் இல்லை.

மார்ச் 19, வியாழன்

வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். தாடியின் திரையில் அவர்களுடைய அமைப்புக் கோப்பு. அதில் என் லைப்ரரியின் பெயர். எதிரே, அவர்களே எழுதியது: எல்லாவற்றையும் காட்டு.

"மாசக் கடைசித் தேதியில எங்கேயோ இடிக்குது," என்றார், திரும்பாமலே. "உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கணும். உக்காரும்மா."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.